உங்களுக்குக் கீழே யார்?

விடிகாலையில் பெரியதாழைக் கடற்கரைக்கு வந்து நில்லுங்கள். ஃபைபர் படகுகள் ஒவ்வொன்றாகக் கரையேறும். வலையிலிருந்து கழற்றிய சாளையும் பாரையும் மணலில் குவியும். ஏலக்காரர் விலை கூவுவார், சுற்றி நிற்கும் வியாபாரிகள் ஐம்பதும் நூறுமாக ஏற்றுவார்கள். விலை முடிந்ததும் கணக்கு தொடங்கும். எண்ணெய்க் காசு, ஐஸ் காசு, சாப்பாட்டுச் செலவு போக மிச்சத்தில் படகுக்கும் வலைக்கும் பங்கு, கடலுக்குப் போனவர்களுக்கு ஆளுக்கொரு பங்கு. ஏலக்காரருக்குக் கமிஷன், வண்டிக்காரருக்கு வாடகை.

இத்தனை பேருக்கும் பிரியும் பணம் எங்கிருந்து வருகிறது? திருநெல்வேலியிலோ கேரளத்திலோ ஒரு வீட்டில் அந்த மீனைக் குழம்பு வைத்துச் சாப்பிடப்போகிறவர் கொடுக்கும் பணம் அது. அவருக்குப் பெரியதாழை எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது. நம் படகுக்காரர் அவருக்கு மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. மீன் வேண்டும், வாங்குகிறார். உலகத்தில் நடக்கும் எந்த நல்ல வியாபாரத்தின் அடியிலும் இப்படி முகம் தெரியாத ஒருவர், தனக்குத் தேவையானதைத் தன் விருப்பப்படி வாங்கிக்கொண்டு போகிறார்.

ஆளுக்கு ஆள் சேர்த்துக்கொண்டே போகும் பல அடுக்கு வணிகத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒன்று போதும். அந்த முகம் தெரியாத ஆள் அங்கே இருக்கிறாரா என்று தேடிப் பார்க்க வேண்டும்.

என் சித்திக்கு அது தெரியாமல் போயிற்று. ஓர் ஆடி மாதம். கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது, படகுகள் வாரக்கணக்கில் மணலில் கிடந்தன. அப்போதுதான் தூரத்து உறவில் ஒருவர் வீட்டுக்கு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்துப் பட்டை, கையில் ஒரு ஃபைல். "சித்தி, நீங்க ஒண்ணும் விக்க வேண்டாம். ரெண்டே ரெண்டு பேரைச் சேத்துவிடுங்க, மத்ததை சிஸ்டம் பாத்துக்கும்" என்றார். சித்தி சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டினார். பதிலுக்கு வந்தது சத்துமாவு டப்பாவும் பற்பசையும் சோப்பும் அடங்கிய ஒரு பெட்டி. இரண்டு பேர் வேண்டுமே. தன் மைனியைச் சேர்த்தார், அடுத்த வீட்டு அக்காவைச் சேர்த்தார். அவர்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. ஏழெட்டு மாதத்தில் எல்லாம் நின்றுபோனது. பணம் போனதைவிட, மைனி இன்றுவரை பேசுவதில்லை என்பதுதான் சித்திக்குத் தீராத துக்கம். ஒரே குடும்பத்து நிச்சயதார்த்த வீட்டில் இருவரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

இடது கால், வலது கால்

இந்தத் தொழிலுக்கென்று தனி மொழி இருக்கிறது. உங்களைச் சேர்த்தவர் 'அப்லைன்'. நீங்கள் சேர்ப்பவர் 'டவுன்லைன்'. பணம் கட்டிப் பெட்டி வாங்கினால் உங்கள் 'ஐ.டி. ஆக்டிவ்' ஆகும். மாதாமாதம் குறிப்பிட்ட தொகைக்குப் பொருள் வாங்காவிட்டால் அது அணைந்துவிடும். அணைந்த மாதத்தில் கீழே எத்தனை பேர் இருந்தாலும் கமிஷன் கிடையாது. ஆகவே விற்காத சோப்பையும் சத்துமாவையும் உறுப்பினரே வாங்கி அலமாரியில் அடுக்குகிறார். நிறுவனத்தின் புத்தகத்தில் அது விற்பனை. அந்த வீட்டில் அது செலவு.

இன்று பரவலாக இருப்பது 'பைனரி' எனப்படும் இரட்டைக் கால் முறை. உங்களுக்குக் கீழே இடப்பக்கம் ஒரு வரிசை, வலப்பக்கம் ஒரு வரிசை. இரண்டு பக்கமும் சமமாகச் சேர்ந்தால்தான் ஒரு 'ஜோடி', ஜோடிக்குத்தான் பணம். "உங்க இடது கால்ல நாங்களே ஆள் போட்டுத் தர்றோம், வலது காலை மட்டும் நீங்க பாத்துக்குங்க" என்று மேலே இருப்பவர் ஆசை காட்டுவார். கேட்க இலவசம் போல இருக்கும். அவர் தன் வரிசையில் போட்டே ஆக வேண்டிய ஆட்களைத்தான் உங்கள் இடது காலில் தொங்கவிடுகிறார். இடது கால் நூறு பேராக வளரும், வலது காலில் நீங்கள் கஷ்டப்பட்டுச் சேர்த்த மூன்று பேர் நிற்பார்கள். பணம் மூன்று ஜோடிக்குத்தான் வரும். மீதித் தொண்ணூற்று ஏழு பேர் உங்கள் கணக்கில் வெறும் எண்ணிக்கை. அந்த எண்ணிக்கையைப் பார்த்துப் பார்த்தே இன்னும் ஒரு வருடம் ஓடுவீர்கள்.

இதற்கு மேல் படிநிலைகள் உண்டு. வெள்ளி, தங்கம், வைரம். மேடையில் கார் சாவி கொடுப்பார்கள், கைதட்டல் காதைப் பிளக்கும். அந்தக் கூட்டத்துக்கு நுழைவுச்சீட்டு, பயிற்சிக்குக் கட்டணம், ஊக்கப் பேச்சுக்குக் கட்டணம் என்று தனி வருமானமும் நடக்கும். உச்சியில் இருப்பவர்கள் பலருக்குப் பொருளைவிட இந்தக் கூட்டங்களில்தான் காசு.

ஆறு ஆறாகப் பெருக்கினால்

வெள்ளைப் பலகையில் வட்டம் போட்டுக் காட்டுவது எல்லாக் கூட்டங்களிலும் நடக்கும். நடுவில் நீங்கள். உங்களைச் சுற்றி ஆறு பேர். அந்த ஆறு பேரும் ஆளுக்கு ஆறு. பார்க்க எளிமையாக இருக்கும். அவர்கள் மூன்றாம் வட்டத்தோடு மார்க்கரை மூடிவிடுவார்கள். நாம் மூடாமல் தொடர்ந்து போடுவோம்.

பெரியதாழையில் ஒருவர் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் அடுக்கில் 6 பேர், இரண்டாவதில் 36, மூன்றாவதில் 216, நான்காவதில் 1,296, ஐந்தாவதில் 7,776. இதற்குள் மணப்பாடு, கூடுதாழை, கூட்டப்பனை, உவரி என்று அக்கம்பக்கத்துக் கரைகளிலெல்லாம் ஆள் தேடியாக வேண்டும். எட்டாவது அடுக்கில் மட்டும் 16,79,616 பேர் வேண்டும். மேலே உள்ளவர்களையும் கூட்டினால் 20,15,539. கைக்குழந்தைகளையும் சேர்த்துத் தூத்துக்குடி மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகையே 2011 கணக்கெடுப்பில் 17,50,176தான். பத்தாவது அடுக்கை முடித்தால் 7,25,59,411 பேர் ஆகிவிடும். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதும் இருந்தவர்கள் 7,21,47,030. பத்தே பத்துப் படி, தமிழ்நாடு தீர்ந்துபோயிற்று.

யாரும் சோம்பியிருக்கவில்லை, எல்லோரும் ஆறு ஆறு பேரைச் சேர்த்துவிட்டார்கள், ஒரு குறையும் இல்லை என்று வைத்துப் போட்ட கணக்கு இது. அப்படியும் எந்த நேரத்தில் நிறுத்திப் பார்த்தாலும் ஆறில் ஐந்து பேருக்கு மேல் கடைசி அடுக்கில்தான் நிற்பார்கள். அவர்களுக்குக் கீழே யாரும் இல்லை. "உழைச்சா நீங்களும் மேல வரலாம்" என்று சொல்வார்கள். ஒருவர் மேலே வர வேண்டுமென்றால் அவருக்குக் கீழே புதிதாகக் கடைசி அடுக்கு ஒன்று முளைக்க வேண்டும். இடம் மாறுகிறவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், ஆறில் ஐந்து பங்கு என்ற விகிதம் மாறாது.

இப்போது பணத்தைப் பாருங்கள். நீங்கள், உங்கள் 6 பேர், அவர்களின் 36 பேர். மொத்தம் 43. ஆளுக்குப் பத்தாயிரம் கட்டினால் 4,30,000 ரூபாய். நிறுவனம் தாராளமாகப் பாதியைக் கமிஷனாகத் திருப்பித் தருவதாகவே வைத்துக்கொள்வோம், 2,15,000. அதை உங்களுக்குள் எப்படிப் பிரித்தாலும் சரி, 43 பேரும் சேர்ந்து இன்னொரு 2,15,000 ரூபாயை ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டீர்கள். கைக்கு வந்தது சில பெட்டிச் சோப்பு. கீழே உள்ள 36 பேருக்கு ஒரு பைசாவும் வரவில்லை. உங்களுக்கு வந்த காசோலை அந்த 36 பேரின் பணம். அந்த 36 பேர் யார்? சித்தப்பா மகன், மகளிர் குழுவில் கூட இருப்பவர், கோவிலில் பக்கத்துப் பெஞ்சில் உட்காருகிறவர்.

இந்தக் கரைக்கு முத்து நன்றாகத் தெரியும் என்பதால் ஒன்று சொல்கிறேன். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், சலாபம் (முத்துக்குளிப்புப் பருவம்) அறிவிப்பதற்கு முன், சிப்பி விளையும் கடலடிப் பார்களைச் சோதித்துப் பார்ப்பார்கள். மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, முத்தைக் கணித்து, சிப்பி போதுமான அளவு விளைந்திருந்தால்தான் குளிப்பு. இல்லாவிட்டால் வருடக்கணக்கில் கடலைச் சும்மா விட்டார்கள். 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துச் சலாபமே நடக்கவில்லை, பார்கள் மீளவில்லை. சிப்பியைத் திறக்காமலே ஏலம் எடுத்தவர்கள் அதிர்ஷ்டத்தை நம்பினார்கள்தான். ஆனாலும் சலாபம் நடத்தியவர்கள் பாரில் எவ்வளவு இருக்கிறது என்று முதலில் எண்ணினார்கள். பல அடுக்கு வணிகத்தில் யாரும் பாரைச் சோதிப்பதில்லை. மனிதர்கள் தீரவே மாட்டார்கள் என்று சொல்லிக் குதிக்கவைக்கிறார்கள்.

நிலக்கோட்டையும் நீதிமன்றமும்

இது சட்டவிரோதமா? இந்தக் கேள்விக்கு ஒற்றை வார்த்தையில் பதில் இல்லை, அந்த இடைவெளியில்தான் இத்தனை ஆண்டுகளாக ஆட்டம் நடக்கிறது.

நேரடி விற்பனை சட்டப்படியானது. கடற்கரையில் ஏலம் எடுத்த மீனைக் கூடையில் சுமந்து, பஸ் ஏறி, வெளியூர்த் தெருக்களில் கூவி விற்கிறார்களே நம் பெண்கள், அதைவிட நேர்மையான நேரடி விற்பனை உலகத்தில் இல்லை. பொருளை விற்று அதில் லாபம் எடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆள் சேர்ப்பதற்காகப் பணம் தருவதைத்தான் தடுக்கிறது. பரிசுச் சீட்டுகள் மற்றும் பணச் சுழற்சித் திட்டங்களைத் தடைசெய்யும் சட்டம் 1978-லேயே வந்துவிட்டது. அதன்படி அத்தகைய திட்டத்தை நடத்துவது மட்டும் குற்றமில்லை, அதில் உறுப்பினராகச் சேர்வதும் பங்கெடுப்பதும் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. பிறரைச் சேர்த்துவிடும் பலருக்கு இது தெரியாது. 'நானும் ஏமாந்தவன்தானே' என்று நினைப்பவர், சட்டத்தின் கண்ணில் ஏமாற்றியவராகவும் நிற்க நேரலாம்.

உலகப் புகழ்பெற்ற ஆம்வேயை எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டிங்கில் "அமெரிக்காவிலேயே அனுமதிச்ச பிசினஸ்" என்று ஒரு வாக்கியம் கட்டாயம் வரும். உண்மைதான். 1979-இல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் ஆம்வே சட்டவிரோதப் பிரமிடு இல்லை என்று முடிவு சொன்னது. வாங்கிய பொருளில் பெரும்பகுதியை விற்றிருக்க வேண்டும், மாதந்தோறும் பத்து வெளி வாடிக்கையாளருக்காவது விற்க வேண்டும், விற்காத சரக்கை நிறுவனம் திரும்ப எடுக்க வேண்டும் என்ற அதன் விதிகளை வைத்தே அப்படிச் சொன்னது. வருமானத்தை மிகைப்படுத்திச் சொன்னதற்கும் விலையை நிர்ணயித்ததற்கும் அதே தீர்ப்பில் கண்டனமும் இருந்தது. மீட்டிங்கில் அந்த முற்பகுதி மட்டும் வரும். அதே ஆணையம் 2016-இல் ஹெர்பலைஃப் நிறுவனத்தை 20 கோடி டாலர் கட்டவைத்து, உண்மையான சில்லறை விற்பனையின் அடிப்படையில்தான் ஊதியம் தர வேண்டும் என்று தொழிலையே மாற்றி அமைக்கச் சொன்னது.

இங்கே 2007-இல் ஆந்திர உயர் நீதிமன்றம் ஆம்வேயின் திட்டம் 1978 சட்டத்தின் வரம்புக்குள் வரும் என்று சொன்னது. நிறுவனம் தொடர்ந்து இயங்கியது. திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டையில் பெரிய தொழிற்சாலையும் எழுந்தது. 2022 ஏப்ரலில் அமலாக்கத் துறை அந்த நிலத்தையும் கட்டடத்தையும் உள்ளிட்ட 757.77 கோடி ரூபாய்ச் சொத்துகளை முடக்கியது. 2002-03 முதல் 2021-22 வரை நிறுவனம் 27,562 கோடி ரூபாய் திரட்டியதாகவும், 7,588 கோடி ரூபாயைக் கமிஷனாகக் கொடுத்ததாகவும் அத்துறை சொன்னது. பொருள்களின் விலை சந்தையில் கிடைக்கும் மற்றவற்றைவிட மிக அதிகம், உறுப்பினரானால் பணக்காரர் ஆகலாம் என்பதே முழுப் பிரசாரம், பொருள் வெறும் முகமூடி என்பது அதன் குற்றச்சாட்டு. இது 2011-இல் தொடங்கிய விசாரணையின் தொடர்ச்சி, நாங்கள் ஒத்துழைத்து வருகிறோம் என்பது நிறுவனத்தின் பதில். குற்றச்சாட்டு தீர்ப்பாகாது என்பதை நானும் மதிக்கிறேன். ஆனால் ஒரு சத்துமாவு டப்பாவுக்கு, உறுப்பினராக விரும்பாத ஒருவர் கடையில் அந்த விலை கொடுப்பாரா என்று கேட்க நமக்கு எந்த நீதிமன்றமும் தேவையில்லை.

2021 டிசம்பரில் மத்திய அரசு நேரடி விற்பனைக்கென்றே நுகர்வோர் பாதுகாப்பு விதிகளைக் கொண்டுவந்தது. சேருவதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டும். குறிப்பிட்ட நாட்களுக்குள் அபராதம் இல்லாமல் விலகிக்கொள்ள இடம் தர வேண்டும். நேரடி விற்பனை என்ற போர்வையில் பிரமிடுத் திட்டம் நடத்தக் கூடாது. விதி நல்ல விதி. ஆனால் 'நுழைவுக் கட்டணம் இல்லை, பேக்கேஜ் மட்டும் வாங்குங்க' என்று அதைச் சுற்றிக்கொண்டு போக எத்தனை நிமிடம் ஆகும்? மாநில அரசுகள் கண்காணிக்க வேண்டும் என்றும் விதியில் இருக்கிறது. அந்தக் கண்காணிப்பு கடற்கரைக் கிராமத்துத் திருமண மண்டபம் வரை வந்ததை நான் பார்க்கவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவு பிரமிடுத் திட்டத்தைத் தொடங்குவது, நடத்துவது, பரப்புவது எல்லாவற்றையும் குற்றமாக்கியிருக்கிறது. மத்திய வங்கியே தடைசெய்த நிறுவனங்களின் பெயர்களை வெளியிட்டு மக்களை எச்சரிக்கிறது. இங்கும் ஒரு பட்டியல் வேண்டும், தமிழில் வேண்டும்.

நீலாம்பூரில் கூடிய கூட்டம்

2024 ஜனவரி இறுதியில் கோவை நீலாம்பூரில் ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டார்கள். பணம் கட்டி உறுப்பினராகிக் கைபேசியில் விளம்பரம் பார்த்தால் தினமும் வருமானம், ஆள் சேர்த்தால் கூடுதல் வருமானம் என்று நடந்த மைவி3 ஆட்ஸ் நிறுவனத்தின் மீது போலீஸ் வழக்குப் பதிந்திருந்தது. கூடியவர்கள் பணத்தைக் கேட்டு வரவில்லை. நிறுவனத்துக்கு ஆதரவாக வந்திருந்தார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்த பெண்களும் அதில் உண்டு.

செய்தியைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சித்தியும் இப்படித்தான் கடைசி மாதம் வரை அந்த நிறுவனத்துக்காக எல்லோரிடமும் சண்டை போட்டார். சேர்ந்தவர் நிறுவனத்தை விட்டுக்கொடுக்காததற்குப் பேராசை மட்டும் காரணமில்லை. நிறுவனம் விழுந்தால், அவர் வாயால் சொல்லி அவர் கையால் சேர்த்த உறவுகள் அவர் வாசலில் வந்து நிற்கும். அந்த முகங்களைப் பார்க்க முடியாத பயம்தான் அவரை வாதாட வைக்கிறது. ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வாங்கிய ஆருத்ரா போன்ற முதலீட்டு மோசடிகள் வேறு வகை. ஆனால் அங்கும் பணம் பெருமளவு உறவுக்காரரும் பக்கத்து வீட்டுக்காரருமான ஏஜென்ட்டுகள் வழியாகத்தான் போனது.

கடலோர ஊர்களில் இந்த நம்பிக்கைக்கு மதிப்பு அதிகம். ஒரே படகில் போகிறவர்கள் ஒருவர் உயிரை ஒருவர் நம்பிப் போகிறார்கள். என்ஜின் கெட்டால் முன்பணம் சீட்டு எழுதாமலே கைமாறும். நடுக்கடலில் ஒருவருக்கு ஏதாவது ஆனால் ஊரே படகெடுத்துத் தேடும். தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த அந்தச் சொத்தைத்தான் இந்தத் தொழில் பணமாக்குகிறது. நகரத்துக் கம்பெனி ஒரு விற்பனையாளரை அனுப்பினால் நாம் வாசலிலேயே நிறுத்திவிடுவோம். சித்தப்பா மகன் வந்தால் காபி போட்டுக் கொடுத்துக் கையெழுத்தும் போடுகிறோம்.

இனி யாராவது பெட்டியும் ஃபைலுமாக வந்தால் ஒரே கேள்வி கேளுங்கள்: "நாளையிலிருந்து ஒரு ஆளும் புதுசா சேரலைன்னா, எனக்குப் பணம் வருமா? எங்கேயிருந்து வரும்?" வரும் என்று சொன்னால், உறுப்பினர் அல்லாத எத்தனை பேர் போன மாதம் இந்தப் பொருளை வாங்கினார்கள் என்று பில்லோடு காட்டச் சொல்லுங்கள். வருடம் முழுக்கக் கட்டிய பணத்தையும் வந்த பணத்தையும் அவருடைய வங்கிக் கணக்கில் காட்டச் சொல்லுங்கள். மேடையில் காட்டும் காசோலையின் புகைப்படம் கணக்கில் சேராது. மகளிர் குழுக்கள் கடன் கொடுக்கும் முன்பும், பங்குப் பேரவைகளும் மீனவர் சங்கங்களும் கூட்டம் நடத்த மண்டபம் கொடுக்கும் முன்பும் இதே கேள்வியைக் கேட்டாலே பாதிக் கூட்டம் ஊருக்குள் வராது.

ஏற்கெனவே சேர்ந்திருக்கிறீர்களா? இன்றோடு ஆள் சேர்ப்பதை நிறுத்துங்கள், நஷ்டத்தை எடுக்க இன்னும் இரண்டு பேரை இழுக்காதீர்கள். ரசீது, ஒப்பந்தம், வாட்ஸ்அப் செய்தி, வங்கிப் பரிமாற்றம் எதையும் அழிக்காதீர்கள். விற்காத சரக்கைத் திரும்ப எடுக்கும்படி நிறுவனத்துக்கு எழுத்தில் கேளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணம் பெரிதென்றால் பொருளாதாரக் குற்றப் பிரிவு போலீசில் புகார் கொடுங்கள். உங்களைச் சேர்த்துவிட்டவரோடு பேசாமல் இருக்கிறீர்கள் என்றால், போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவரும் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டியவர்தான்.